சாளேசரமும் கம்ப்யூட்டரும்

என் கதாநாயகிக்குப் பன்னிரண்டாவது அத்தியாயத்தில்தான் கல்யாணம். ஆனால் ஒன்பதாவது அத்தியாயத்தின் கடைசி வரியிலேயே அவளுடைய மணம் முறிந்துவிட்டது! நான் எழுத நினைத்தது ‘மனம்’, அச்சேறியது ‘மணம்’. இரண்டு சுழி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சுழி. அச்சகத்தின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பக்கத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்து, “சரியாக இருக்கிறது, அச்சுக்கு அனுப்பலாம்” என்று பதில் எழுதியவன் நானேதான்.

மறுவாரம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். “கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு மணம் எப்படி முறியும்? நடுவில் ஓர் இதழ் எங்கள் ஊருக்கு வராமல் போய்விட்டதா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

பத்திரிகைக் காரியாலயத்தில் பக்கம் அமைக்கிற பையன் ஒருவன். இருபத்து மூன்று வயது இருக்கும். ஏதோ வேலையாக என் வீட்டுக்கு வந்தவன், நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தான். கழுத்தை முன்னே நீட்டி, மோவாயை மேலே தூக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு, பூவரச மரத்தில் ஓணானைத் தேடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேனாம். (இந்த உவமை என்னுடையதல்ல, என் மனைவியினுடையது.) “சார், எழுத்தை நூறு சதவிகிதத்திலேயே வைத்திருக்கிறீர்களே? நூற்றைம்பது வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்றான்.

“எனக்கு நன்றாகத் தெரிகிறது, தம்பி” என்றேன்.

பொய். எனக்கு வயது நாற்பத்து நாலு. நம் பெரியவர்கள் இந்த வியாதிக்கு ‘வெள்ளெழுத்து’ என்று பெயர் வைத்தார்கள். கறுப்பு மை வெளுத்துப்போன மாதிரி தெரிகிறதாம். இன்னொரு பெயர் ‘சாளேசரம்’. வடக்கே நாற்பது என்ற எண்ணுக்கு ‘சாலீஸ்’ என்கிறார்கள் அல்லவா? அந்த வார்த்தைதான் தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்களில் உருண்டு திரண்டு சாளேசரமாயிற்று. ஆக, வியாதியின் பெயரே வயதைச் சொல்லிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, அதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனம் வருவதில்லை. (மனம் - இரண்டு சுழி.)

அந்தப் பையன் போன பிறகு எனக்குத் திருவையாற்றில் இருக்கும் என் அத்தையின் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில், எழுத்துக்கும் வயதான கண்ணுக்கும் நடந்துவருகிற வழக்கின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நான் விஞ்ஞானம் படித்தவனல்ல, கதை படித்தவன். கதையாகத்தான் சொல்ல வரும்.

வழக்கு ஐரோப்பாவிலே ஆரம்பமாகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரோஜர் பேக்கன் என்ற துறவி, 1267ஆம் வருஷ வாக்கில் போப் நான்காம் கிளமெண்டுக்கு ஒரு பெரிய நூலை எழுதி அனுப்பினார். அதில், கண்ணாடி உருண்டையின் ஒரு பகுதியை வெட்டி, தட்டையான பக்கத்தை எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். கிழவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் இது உதவும் என்று குறித்திருக்கிறார். மூக்கின்மேல் வைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. அது தோன்றியவர் யார் என்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது. 1306ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பிளாரன்ஸ் நகரத்து மாதா கோயில் ஒன்றில் ஜியோர்தானோ என்ற பீசா நகரத்துப் பாதிரியார் பிரசங்கம் செய்தார். கண்ணாடி செய்கிற கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை என்றும், முதன்முதலில் செய்தவரைத் தாம் நேரில் பார்த்துப் பேசியிருப்பதாகவும் சொன்னார். பேரை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்! பிரசங்கிகளுக்கே உரிய குணம்.

அதே பீசாவில் அலெஸ்ஸாண்ட்ரோ தெல்லா ஸ்பினா என்று இன்னொரு துறவி இருந்தார். 1313இல் காலமானார். அவருடைய மடத்துக் குறிப்பேடு ஒரு சங்கதி சொல்கிறது. முதலில் கண்ணாடி செய்தவன் எவனோ, அந்த இரகசியத்தை வெளியிட மனமில்லாமல் வைத்துக்கொண்டானாம். ஸ்பினா அதைப் பார்த்துத் தாமே செய்யக் கற்றுக்கொண்டு, சந்தோஷமாக எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். கண்டுபிடித்தவன் பெயர் போயிற்று. கொடுத்தவர் பெயர் நிற்கிறது. நானூறு வருஷம் கழித்து, 1684இல், பிளாரன்ஸ்காரர் ஒருவர் தம் ஊருக்குப் பெருமை சேர்க்க எண்ணி, ‘சால்வினோ தெல்யி ஆர்மாத்தி’ என்பவர்தான் கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் என்று கல்லறை வாசகம் ஒன்றையே கற்பனை செய்து புத்தகத்தில் போட்டார். நாவலாசிரியர்களுக்கு மட்டும்தான் கட்டிவிடத் தெரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கண்ணாடி அணிந்த மனிதரின் சித்திரங்களில் நமக்குத் தெரிந்தவரை மிகப் பழையது இத்தாலியில் திரெவீசோ என்ற ஊரில் இருக்கிறது. 1352இல் தொம்மாஸோ தா மோதெனா என்ற ஓவியர் மடத்துச் சுவரில் தீட்டியது. படத்தில் இருப்பவர் கார்டினல் ஹியூ என்ற பெரிய படிப்பாளி. அவர் 1263இலேயே காலமாகிவிட்டார். கண்ணாடி பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முந்தி! ஆனாலும் ஓவியருக்கு அவரைக் கண்ணாடியில்லாமல் வரைய மனம் வரவில்லை. இவ்வளவு படித்த கிழவர் கண்ணாடியில்லாமல் எப்படிப் படித்திருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். அதாவது, அந்த நாளில் கண்ணாடி படிப்பின் அடையாளம். பிற்பாடுதான் அது வயதின் அடையாளமாயிற்று.

அச்சு வந்தது. கையால் எழுதிய காலத்தில், கண் மங்கிய செல்வந்தர் ஒருவர் தமக்கு மட்டும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எழுதித் தரச் சொல்லலாம். ஈயத்தில் வார்த்த எழுத்து யாருக்காகவும் வளராது. அதிலும் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூட்டியஸ் 1501இல் கையடக்கமான சிறு புத்தகங்களைச் சாய்ந்த பொடி எழுத்தில் வெளியிட ஆரம்பித்தார். புத்தகம் மலிந்தது, எழுத்து சிறுத்தது, கண்ணாடிக் கடைக்காரன் பிழைத்தான். அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான்: எழுத்து இருக்கிறபடி இருக்கும், கண்தான் அதற்கு இணங்கிப் போக வேண்டும்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இந்த ஏற்பாட்டில் ஒரு திருத்தம் செய்தார். 1785இல், பாரிஸுக்கு அருகே வாசம் செய்துகொண்டிருந்தபோது, தம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. படிக்க ஒரு கண்ணாடி, தூரம் பார்க்க ஒரு கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போய், இரண்டையும் பாதிப் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டதாகத் தெரிவிக்கிறார். கீழ்ப்பாதி, தட்டில் இருக்கும் பதார்த்தத்துக்கு. மேல்பாதி, எதிரே இருக்கும் ஆளுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் பேசும்போது முகத்தைப் பார்க்க முடிந்தால் பேச்சு நன்றாக விளங்குகிறது என்றும் ஓர் அனுபவத்தைச் சொல்கிறார்.

நல்ல யோசனைதான். ஆனால், கம்ப்யூட்டர் என்ற சாமான் தட்டு இருக்கும் இடத்திலும் இருக்காது, எதிராளி இருக்கும் இடத்திலும் இருக்காது என்று பிராங்க்ளினுக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தை 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்கிறோம். திரையோ அறுபது எழுபது சென்டிமீட்டரில், முகத்துக்கு நேரே நிற்கிறது. கண்ணாடியின் மேல்பாதி அதைத் தாண்டிப் பார்க்கிறது. கீழ்ப்பாதி அதை எட்டவில்லை. அதனால்தான் இரட்டைக் கண்ணாடிக்காரர்கள் எல்லோரும் திரைக்கு முன்னால் மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, சாயங்காலம் கழுத்தில் தைலம் தடவிக்கொள்கிறார்கள். என் ஓணான் கோலத்துக்கும் காரணம் இதுதான். திரையைக் கொஞ்சம் தாழ்த்தி, மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாய்கிற மாதிரி வைத்தாலே பாதி வலி போய்விடுகிறது. இது தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷமும் இரண்டு டஜன் தைல பாட்டிலும் ஆயின.

கண்ணில் நடப்பது என்ன என்பதைத் தெளிவாக அளந்து சொன்னவர் ஹாலந்து தேசத்து டாண்டர்ஸ். யூட்ரெக்ட் நகரத்தில் வைத்தியராக இருந்தவர். அவருடைய பெரிய நூல் 1864இல் வந்தது. கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லை, குழந்தையில் இளநீர் வழுக்கை மாதிரி இளகியிருக்கிறது. கிட்டே பார்க்க உப்பிக்கொள்கிறது. வயது ஏற ஏறத் தேங்காயாக முற்றி, உப்ப மறுக்கிறது. (இந்த உபமானத்துக்கு டாண்டர்ஸ் பொறுப்பல்ல.) பத்து வயதுப் பிள்ளையால் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூடத் தெளிவாகப் பார்க்க முடியும், நாற்பதில் அது 22 சென்டிமீட்டருக்குப் போய்விடுகிறது, அறுபதில் ஒரு மீட்டர். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. போதாததற்கு, கண்மணி சுருங்கி, வில்லையும் பழுப்பேறுவதால், இருபது வயதில் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் அறுபது வயதில் உள்ளே போகிறது. எழுத்து சிறியது என்பது பாதிக் குறைதான். விளக்கு மங்கியிருக்கிறது என்பது மறு பாதி.

எழுத்து ஒரு தடவை கண்ணுக்காக இறங்கி வந்ததுண்டு. 1964இல் இங்கிலாந்தில் பிரடெரிக் தார்ப் என்பவர், வயோதிகர்களுக்காகவே பெரிய எழுத்தில் நாவல்களை அச்சிட ஆரம்பித்தார். ‘அல்வர்ஸ்கிராப்ட்’ என்ற அந்தப் புத்தகங்கள் நூல் நிலையங்களுக்குப் போயின. ஆனால் எத்தனை நாவலை அப்படிப் போட முடியும்? எதைப் பெரிதாக்குவது என்று பதிப்பாளர் தீர்மானிப்பார். அதைத்தான் கிழவர் படிக்கலாம்.

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். 1928இல் ஐ.பி.எம். கம்பெனி துளையிட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் எண்பது பத்திகள். பின்னால் வந்த திரைகளும் அந்த மரபை ஒட்டியே வரிக்கு எண்பது எழுத்து என்று வைத்துக்கொண்டன. பச்சை எழுத்து, கறுப்புத் திரை. பெரும்பாலும் எழுத்தின் அளவு யந்திரத்தோடு பிறந்தது, மாற்ற முடியாது. வெளிச்சத்துக்கு ஒரு திருகு, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு திருகு - கிழக் கண்ணுக்குக் கிடைத்த சலுகை அவ்வளவுதான். ஈய எழுத்தின் தம்பி.

திருப்பம் 1973இல் நடந்தது. கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ‘ஆல்டோ’ என்றொரு யந்திரம் செய்தார்கள். காகிதத்தைப்போல நிமிர்ந்த திரை; வெள்ளையில் கறுப்பு எழுத்து. அதைவிடப் பெரிய சங்கதி, திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றலாம், அணைக்கலாம். அப்படியானால் எழுத்து என்பது வார்த்த பொருளல்ல; புள்ளிக் கோலம். நாலு புள்ளிக் கோலத்தை நாற்பது புள்ளியிலும் போடலாம். எழுநூறு வருஷ வழக்கில் அன்றைக்குத்தான் தீர்ப்புத் திரும்பியது என்பது என் அபிப்பிராயம். எழுத்து, பார்க்கிறவனுடைய கண்ணுக்கு இணங்கத் தயாராகிவிட்டது.

ஆனால் மனிதர்கள் தயாராக இல்லை. 1984இல் ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ் வந்தது. அச்சுத் தொழிலில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஆகவே திரையிலும் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தார்கள். 12 பாயிண்ட் எழுத்து காகிதத்தில் எவ்வளவோ, திரையிலும் அவ்வளவே. என்ன நேர்மை! ஆனால் காகிதத்தைவிடத் திரை தள்ளியல்லவா இருக்கிறது? மைக்ரோஸாப்ட்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். திரை, காகிதத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக தூரத்தில் இருக்கிறது, எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கட்டும் என்று, அங்குலத்துக்கு 96 புள்ளி என்று வைத்தார்கள். வடிவத்துக்கு மரியாதை செய்தார் ஒருவர். தூரத்துக்கு மரியாதை செய்தார் இன்னொருவர். வயதுக்கு மரியாதை செய்ய இருவருக்கும் தோன்றவில்லை. செய்தவர்கள் எல்லோரும் இளைஞர்கள். பத்து வயதில் 7 சென்டிமீட்டர் என்றால் இருபத்தைந்தில் பத்துப் பன்னிரண்டு; அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

பிறகு தோன்றியது. தோன்றிய விதத்தில்தான் எனக்கு ஒரு மனக்குறை. ‘விண்டோஸ் 95’ வந்தபோது, பின்புலத்தைக் கறுப்பாக்கி எழுத்தைப் பளிச்சென்று காட்டுகிற ஏற்பாடு அதிலேயே இருந்தது. ‘விண்டோஸ் 98’இல் பூதக்கண்ணாடியும் வந்தது. இவற்றை வைத்த பெட்டிக்கு என்ன சித்திரம் போட்டார்கள் தெரியுமா? சக்கர நாற்காலி! சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் வேலையை அவர் பார்க்கிறார். வெட்கமெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான். நாற்பத்து நாலு வயதில், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற, மயிருக்குச் சாயம் போடுகிற எவன் அந்தப் பெட்டியைத் திறப்பான்? உலகத்தில் எல்லோருக்கும் வரப்போகிற ஒரு சங்கதியை, யாரோ சிலருக்கு வந்த கஷ்டம் என்று அலமாரிக்குள்ளே வைத்துவிட்டார்கள்.

வெட்கப்படுகிறவன் குறுக்கு வழி தேடுகிறான். நான் தேடிய குறுக்கு வழி, திரையின் புள்ளிக் கணக்கைக் குறைத்துவிடுவது. 1920க்கு 1080 என்று இருந்ததை 1280க்கு 720 ஆக்கினேன். எழுத்து பெரிதாயிற்று, கூடவே மழையில் நனைந்த கடிதம் மாதிரி கசிந்துபோயிற்று. பழைய குமிழ்த் திரை இதைப் பொறுத்துக்கொள்ளும். இப்போதைய தட்டைத் திரையில் புள்ளிகள் தொழிற்சாலையிலேயே எண்ணிப் பதித்தவை. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளிமேல் பரப்பச் சொன்னால் அது எப்படிப் பரப்பும்? பூசி மெழுகுகிறது. புள்ளிக் கணக்கைத் தொடாமல், எழுத்தின் அளவை மட்டும் நூற்றைம்பது சதவிகிதம் என்று சொன்னால், அதே எழுத்தை அதிகப் புள்ளி செலவழித்துக் கோலமாகப் போடுகிறது. ஓரம் கூர்மையாக இருக்கிறது. தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிட முக்கியம். கோட்டுக்கு ஒரு புள்ளி, இடைவெளிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வித்தியாசம் இரண்டே புள்ளிதான். அந்த இரண்டு புள்ளி மெழுகுப்பட்ட இடத்தில்தான் என் கதாநாயகியின் மணம் முறிந்தது.

2008இல் உலக வலைக் கூட்டமைப்பு ஒரு நியதி வகுத்தது. எழுத்தை இரட்டிப்பாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது; எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளியில் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதம் இருக்க வேண்டும். வெள்ளையில் சுத்தக் கறுப்பு என்றால் 21க்கு 1. இந்த நாலரை எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். கண் ஆஸ்பத்திரியில் 6/12 என்று எழுதுகிறார்களே, அந்தப் பார்வை உள்ளவருக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்டக் கணக்கிட்ட எண் அது. அந்தப் பார்வை ஏறக்குறைய எண்பது வயதுக்காரருடைய பார்வை. 6/12 என்று அளக்கும் முறை, டாண்டர்ஸின் சகாவான ஸ்நெல்லன் 1862இல் அதே யூட்ரெக்ட் நகரத்தில் செய்த எழுத்து அட்டையிலிருந்து வந்தது. ஆக, எங்கோ ஒரு கமிட்டி அறையில் எண்பது வயதுப் பாட்டி ஒருத்தியை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் எனக்கு அத்தையின் ஞாபகம் மறுபடியும் வந்தது. (நியதி இருந்தும், வெள்ளையில் சாம்பல் எழுத்துப் போடுகிற நாகரிகம் ஓய்ந்தபாடில்லை.)

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துத்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பலரும் சொல்கிறார்கள். ஜெர்மனியில் டுஸல்டார்ப் சர்வகலாசாலையில் இளைஞர்களையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள்: இரு சாராருக்கும் வெள்ளையில் கறுப்பே நன்றாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் கண்மணி சுருங்குகிறது. சுருங்கினால் கூர்மை கூடுகிறது. கண்ணில் புரை விழுந்தவர்களுக்கு மட்டும் வெள்ளைத் திரை கூசும். அவர்கள் கறுப்பை வைத்துக்கொள்ளலாம்.

இனி அத்தை. நான் கதை எழுதுகிறவனாக ஆனதற்கு அவளே காரணம். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைத் தனியே கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து அடுக்கி வைத்திருப்பாள். அவற்றைப் படித்தே நான் வளர்ந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால், என் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தபோது, “எப்படி இருக்கிறது, அத்தை?” என்று கேட்டேன். “இப்பல்லாம் யாரு எழுதுறதும் பிடிக்கலைடா தம்பி. உன்னோடதுந்தான்” என்று சொல்லிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிறத்தியார் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். அதன் பிறகு திருவையாற்றுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். கடைசி இரண்டு வருஷம் போகவே இல்லை. “எனக்கு நன்றாகத் தெரிகிறது, தம்பி” என்று அந்தப் பையனிடம் சொன்ன அன்று இரவுதான், அத்தை என்னிடம் சொன்னதும் அதே மாதிரி ஒரு பதிலாக இருக்குமோ என்று எனக்குப் பட்டது.

போன மாதம் போனேன். கூடத்து அலமாரியில் நாலு புதிய பைண்டுகள் இருந்தன. நாலும் என் கதைகள். வாரம் தவறாமல் பத்திரிகை வாங்கி, கிழித்து, பைண்டு செய்து வைத்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். இரண்டு இதழ்களில் பக்கங்கள் ஓரத்தில் வெட்டுப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. அவள் அவற்றைப் படித்திருக்கவே முடியாது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த பலகை மாதிரியான கம்ப்யூட்டரை - டாப்லெட் என்கிறார்கள் - எடுத்து, இந்த வருஷத்துத் தொடர்கதையைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். இருநூற்றைம்பது சதவிகிதத்தில், “அங்கேயே நிறுத்து” என்றாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி, திரையின் வெளிச்சத்தையும் கூட்டி வைத்தேன். பக்கத்துக்கு ஏழு வரிதான் தெரிந்தது. உதட்டை அசைத்துப் படித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. நாலு மணி சுமாருக்குத்தான் தலையைத் தூக்கினாள்.

“ஏண்டா தம்பி, இங்கே மூணு சுழி போட்டிருக்கே?”

“அது வந்து, அத்தை...” என்று நான் ஆரம்பித்தேன்.

“சரி, சரி. அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போறது? அதைச் சொல்லு” என்றாள்.